கேஜைக் காட்டி மரத்தில் ஏற்றாதீர்கள்

கோலார் தங்கவயல்காரனுக்கா கயிற்றில் இறங்கச் சொல்லித் தருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மரம் வெட்டும் குத்தகை எடுப்பவர் நீங்கள். ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் பழைய மைன்ஸ் பங்களாக்களிலும் மழைக்கு முன்னால் கிளை கழிக்க ஆள் அனுப்புகிறவர். மரமேறிகளுக்குக் கயிற்றுப் பயிற்சி கொடுங்கள், சாதனம் வாங்கிக் கொடுங்கள் என்று நாங்கள் சிலர் கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதிலின் சாரம் இது: நம் அப்பனும் பாட்டனும் ஒற்றைக் கயிற்றில் தொங்கிய சுரங்கக் கூண்டில், அந்தக் கேஜில், மூன்று கிலோமீட்டர் ஆழம் போய் வந்தவர்கள், ஐம்பதடி மரத்திலிருந்து இறங்க அவர்கள் பேரனுக்கு வெள்ளைக்காரன் கருவி எதற்கு, ஒரு நைலான் கயிறும் நெஞ்சுரமும் போதும், விழுந்தவன் அஜாக்கிரதையால் விழுந்தான்.

இந்தப் பதிலில் ஒரு வரிகூட நிற்காது. அதிலும் கேஜைச் சாட்சிக்கு இழுத்தீர்களே, அதைத்தான் முதலில் பேச வேண்டும்.

நம் ஊர்ச் சாம்பியன் ரீப் தங்கச் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் என்பது உண்மை. அந்த ஆழத்துக்கு ஒரே இறக்கமாகப் போகவில்லை, கட்டம் கட்டமாக, ஒரு ஷாப்டிலிருந்து இன்னொரு ஷாப்டுக்கு மாறித்தான் போனார்கள் என்பதும் உண்மை. கேஜ் தொங்கியது கயிற்றில்தான். ஆனால் அது எப்படிப்பட்ட கயிறு? நம் நாட்டுச் சுரங்க விதிகளின் பொதுக்கணக்கு இது: ஆளை ஏற்றியிறக்கும் கயிறு, தன்மேல் வரும் அதிகபட்ச பாரத்தைப் போல் பத்து மடங்கு தாங்க வேண்டும். தகுதியுள்ள ஆள் தினமும் அதைப் பார்வையிட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கேஜோடு சேரும் முனையை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் பூட்ட வேண்டும். அந்த இடத்தில்தான் கம்பி முதலில் களைத்துப் போகிறது என்று தெரிந்து வைத்த விதி அது. நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் மூன்றரை ஆண்டுக்கு மேல் ஒரே கயிற்றை ஓட்டக் கூடாது. கேஜை ஏற்றியிறக்கும் வைண்டிங் எஞ்சின் ஓட்டுபவருக்குத் தேர்ச்சி வேண்டும். அவருக்கு எதிரே கேஜ் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று காட்டும் முள், கைக்கு எட்டும் தூரத்தில் பிரேக். மணி அடிக்காமல் கேஜ் அசையாது. கேஜ் வரம்பு மீறி மேலே போய்விட்டால் கயிற்றிலிருந்து தானே கழன்று, கீழே விழாமல் மேல்சட்டத்தில் மாட்டிக்கொள்ளும் கொக்கியும் உண்டு.

உங்கள் ஆள் மரத்திலிருந்து இறங்கும் கயிற்றுக்கு இதில் எது இருக்கிறது? அது வாங்கிய தேதி தெரியுமா? போன வாரம் அதில் மரக்கட்டை இழுத்தார்களா, லாரியில் சாமான் கட்டினார்களா என்று யாராவது குறித்து வைத்தார்களா? கேஜில் இறங்கிய மனிதரின் தைரியத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். பாறை வெடித்துச் சிதறும் என்று தெரிந்தே இறங்கினவர்கள் அவர்கள். ஆனால் அந்தத் தைரியம் கயிற்றைத் தாங்கவில்லை. விதியும், பார்வையிட்டவர் கண்ணும், எஞ்சின் அறையில் இருந்தவர் கையும்தான் தாங்கின. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். வேலை போயிற்று. அந்த வேலையோடு இருந்த ஒழுங்கை மட்டும் தூக்கி எறிந்துவிட்டு வீரத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு கூலியைக் குறைக்கிறீர்கள். அந்தப் பேரன்களுக்குச் செய்யும் அநியாயம் இது.

நைலான் கயிறு என்று சொன்னீர்கள். கடையில் மஞ்சளும் நீலமுமாக நைலான் என்று விற்பதில் பெரும்பகுதி பாலிபுரொப்பிலீன். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் போடுங்கள். நைலான் மூழ்கும், பாலிபுரொப்பிலீன் மிதக்கும். மிதக்கும் கயிறு ஏறக்குறைய 165 டிகிரியில் உருகுகிறது. நைலானும் பாலியெஸ்டரும் 220இலிருந்து 260 வரை தாங்கும். அதோடு பாலிபுரொப்பிலீனை வெயில் அரித்துவிடும். கோலார் மாவட்டத்து வெயிலில் மொட்டை மாடியிலும் வண்டிக் கூரையிலும் சில மாதம் கிடந்த கயிற்றை விரலால் தேய்த்தால் துகள் துகளாக உதிரும். அதில் உயிரைத் தொங்கவிடச் சொல்கிறீர்கள்.

இறங்குவது சுலபம், ஏறுவதுதான் கஷ்டம் என்று நினைக்கிறீர்கள். ஏறும்போது தசை வேலை செய்கிறது; களைத்தால் நிற்கலாம். இறங்கும்போது ஈர்ப்பு வேலை செய்கிறது, அது களைப்பதில்லை. எழுபது கிலோ மனிதர் பதினைந்து மீட்டர் இறங்கினால் சுமார் 10,000 ஜூல் ஆற்றல் வெளியாகிறது. அது முழுவதும் உராய்வாகி வெப்பமாக எங்கேயோ போய்ச் சேர வேண்டும். கால் கிலோ எடையுள்ள அலுமினியக் கருவி ஒன்றே அத்தனையையும் வாங்கினால் நாற்பத்தைந்து டிகிரிக்கு மேல் சூடேறும். கருவியே இல்லாமல் உள்ளங்கையால் பிடித்துச் சறுக்கினால் அந்த வெப்பம் தோலுக்குள் போகும். தோல் வெந்த கணத்தில் விரல் தானாகத் திறக்கும். அது கோழைத்தனம் அல்ல, உடம்பின் கட்டளை. அங்கிருந்து தரைக்குப் பதினைந்து மீட்டர் இருந்தால் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் மண்ணைத் தொடுவார்.

கயிற்றில் இறங்கும் எந்த முறையையும் ஒரே கேள்வியால் சோதிக்கலாம். இறங்குகிறவர் இரண்டு கையையும் விட்டுவிட்டால் என்ன ஆகும்? நின்றுவிட்டால் அது முறை. விழுந்தால் அதற்கு வேறு எந்த விளக்கமும் தேவையில்லை. குளவி கொட்டும், மேலே முறிந்து தொங்கிய கொம்பு தோளில் விழும், வெயிலில் தலை சுற்றும். தைலமரத்துப் பட்டை வழவழப்பில் கால் நழுவும். அந்த நொடியில் கை விடத்தான் செய்யும். எட்டு வடிவ வளையம் ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னீர்கள். அந்த வளையம் உராய்வைக் கொடுக்கும். கை விட்டால் பிடிக்காது. அதற்குக் கீழே கயிற்றைச் சுற்றி ஒரு உராய்வு முடிச்சைப் போட்டு, அதை இடுப்புப் பட்டையின் கால் வளையத்தோடு மாட்டினால்தான் கை விட்ட நொடியில் முடிச்சு இறுகி ஆளை நிறுத்தும். ஒரு துண்டுச் சிறுகயிறு செய்கிற வேலை அது. அந்த ஒரு துண்டை நீங்கள் கொடுக்கவில்லை.

வெளிநாட்டிலும் ஒற்றைக் கயிற்றில்தான் இறங்குகிறார்கள், வீடியோவில் பார்த்தேன் என்றும் சொன்னீர்கள். பார்த்தீர்கள், கவனிக்கவில்லை. மரவேலையில் கயிறு இரண்டு விதமாக ஓடும். ஒன்று, கயிறு கவட்டையின்மேல் போய்த் திரும்பி ஆளிடமே வந்து சேரும். ஆள் அசைய அசையக் கயிறும் நகரும். அதில் உடல் எடை இரண்டு பக்கமும் பிரிகிறது, உராய்வு முடிச்சு பாதி எடையைத்தான் பிடிக்க வேண்டும். இன்னொன்று, கயிறு அசையாமல் நிற்கும் ஒற்றைக் கயிறு. அதில் முழு எடையும் ஒரே இழையில், ஒரே முடிச்சில். அந்த முடிச்சு சும்மா இருக்கும்போது கல்லாக இறுகும். தளர்த்தினால் ஓட ஆரம்பிக்கும், ஓடினால் சூடேறும், சூடேறினால் நூலின் மேற்பரப்பு கண்ணாடிபோல் உருகிப் பளபளக்கும். பளபளத்த முடிச்சு அடுத்த முறை பிடிக்காது. இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் 2010ஐ ஒட்டி அமெரிக்க மரமேறி கெவின் பிங்கம் ரோப் ரெஞ்ச் என்ற சிறு கருவியைக் கொண்டுவந்தார். முடிச்சுக்கு மேலே கயிற்றைச் சற்று வளைத்து, எடையில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும். நீங்கள் பார்த்த வீடியோவில் ஆள் வழுக்கிக்கொண்டு வந்தது இப்படி ஏதோ ஒன்றின் தயவில். முடிச்சுக்கு மேல் இருந்த அந்தக் கையளவு உலோகம் உங்கள் கண்ணில் படவில்லை.

வெளிநாட்டு விதி ஒன்றையும் சொல்கிறேன். பிரிட்டனின் 2005ஆம் ஆண்டு உயரப் பணி ஒழுங்குமுறைகள், கயிற்றில் தொங்கி வேலை செய்பவருக்கு வேலைக் கயிறு ஒன்று, தனியாகக் கட்டிய காப்புக் கயிறு ஒன்று என்று இரண்டைக் கேட்கின்றன. இரண்டாவது கயிறே ஆபத்தைக் கூட்டும் என்று ஆராய்ந்து காட்டினால் மட்டும் ஒன்றோடு போகலாம், அப்போதும் வேறு காப்பு வேண்டும். ஒற்றைக் கயிறு அவர்களுக்கு விதிவிலக்கு. நியாயம் காட்டிப் பெற வேண்டிய விலக்கு. உங்களுக்கு அது செலவு மிச்சம்.

கயிறு எதில் தொங்குகிறது என்பதைப் பற்றி நீங்கள் வாயே திறக்கவில்லை. ஒற்றைக் கயிற்றைக் கவட்டை வழியாகப் போட்டு மறுமுனையை அடிமரத்தில் கட்டுகிறார்கள் உங்கள் ஆட்கள். அப்படிக் கட்டினால் எழுபது கிலோ ஆள் தொங்கும்போது அந்தக் கவட்டையின்மேல் விழுவது ஏறக்குறைய 140 கிலோ. பட்டையின் உராய்வு அதில் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். இறங்கும்போது சட்டென்று நிறுத்தி நிறுத்தி வந்தால் இன்னும் கூடும். புளியமரத்துக் கவட்டை தாங்கும். குல்மொஹர் கட்டை நொறுங்கும் ஜாதி. தூங்குமூஞ்சியின் படர்ந்த கொம்பு வெளியே பசுமையாகவும் உள்ளே பொக்காகவும் இருக்கக்கூடும். ஆள் ஏறுமுன் இரண்டு பேர் சேர்ந்து அந்தக் கயிற்றில் தொங்கிக் குலுக்கிப் பார்ப்பது என்ற வழக்கம் இந்தக் கணக்கிலிருந்துதான் வந்தது. அதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடம். இறங்கும் முனையில் ஒரு முடிச்சு போட்டு வைப்பதற்கு அரை நிமிடம். அந்த முடிச்சு இல்லாமல், கயிறு தரைக்கு எட்டவில்லை என்பதைக் கயிறு தீர்ந்த பிறகு அறிந்தவர்கள் உலகம் முழுவதும் உண்டு, மலையேறிகளிலும் மரமேறிகளிலும்.

இறுகி நிற்கும் கயிற்றை வெட்ட அரிவாளை ஓங்க வேண்டியதில்லை, தொட்டாலே போதும். செயின் சா பக்கத்தில் வந்தாலே போதும். அதனால்தான் வெட்டும் நேரத்தில் இன்னொரு பிடி வேண்டும் என்கிறார்கள்: மரத்தைச் சுற்றி இடுப்பில் மாட்டிய, உள்ளே இரும்புக் கம்பி ஓடும் குறுங்கயிறு. அந்தக் கம்பியும் கைவாளுக்குத்தான் தாங்கும், செயின் சாவுக்குத் தாங்காது; அதையும் சொல்லித் தர வேண்டும். அடிமரத்தில் கட்டிய முனையின் பக்கத்தில் கீழே நிற்பவர் கிளை நறுக்கக் கூடாது. மேலே தொங்குபவரின் உயிர் அந்த முனையில் இருக்கிறது.

பனையேறிக்கு எந்தக் கருவி இருந்தது என்பது உங்கள் அடுத்த கேள்வி. பனைக்குக் கிளை இல்லை, கவட்டை இல்லை. ஒரே தடிமனான தண்டில், கால்தளை மாட்டி, நெஞ்சையும் முழங்கையையும் மரத்தோடு ஒட்டி, ஏறின வழியிலேயே பிடி பிடியாக இறங்குகிறார் அவர். சிறு வயதிலிருந்து அதே மரத்தில் தினம் இரண்டு வேளை ஏறிப் பழகியவர். உங்கள் ஆள் ஒவ்வொரு நாளும் புது மரத்தில், காய்ந்ததும் முறிந்ததுமான கொம்புகளுக்கு நடுவே, கையில் வாளோடு ஏறுகிறார். இரண்டும் ஒரே தொழில் அல்ல. பனையேறிகள் விழவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? வேலூர் பாகாயத்தில் மேரி வர்கீஸ் பெயரில் ஒரு மறுவாழ்வு நிலையம் 1966லிருந்து நடக்கிறது. விபத்தில் தண்டுவடம் பாதித்துச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே மருத்துவம் செய்தவர் அவர். மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர்கள் அங்கே புதிய முகங்கள் அல்லர். தங்கவயல்காரர்களுக்கு வேலூர் தூரமும் இல்லை; பங்காருபேட்டையில் ரயிலேறினால் காட்பாடி. போய்ப் பாருங்கள். தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ பயிற்சியைத் தொடங்கியதும், ஏறுகிறவர்களுக்குக் கருவி கொடுத்து விபத்துக் காப்பீடும் செய்ததும் பாரம்பரியத்தை அவமதிக்க அல்ல. ஏறுகிற பிள்ளைகள் குறைந்துபோனதற்குப் பயமும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொண்டதால்.

அஜாக்கிரதை என்ற சொல்லைச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது என்று நினைக்கிறீர்கள். சட்டம் அப்படி நினைக்கவில்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் பனை இறக்குவதும் மரம் வெட்டுவதும் பெயர் சொல்லியே இடம்பெற்றன. குடித்திருந்தான், வேண்டுமென்றே பாதுகாப்புச் சாதனத்தைக் கழற்றிப் போட்டான் என்று முதலாளி சொல்லித் தப்பிக்க அந்தச் சட்டம் ஒரு வழி வைத்தது. ஆனால் சாவுக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அந்த வழியையும் அடைத்துவிட்டது. வெறும் கவனக்குறைவு அந்தப் பட்டியலிலேயே இருக்கவில்லை. நீங்கள் கொடுக்காத சாதனத்தை உங்கள் ஆள் கழற்றிப் போட்டார் என்று எந்த அதிகாரி முன்னால் நின்று சொல்வீர்கள்? அடிபட்டவர் வீட்டுக்குப் போய் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஏதோ கொடுத்துக் கைநாட்டு வாங்கி வருவது உதவி அல்ல, ஐயா. அவருக்குச் சேர வேண்டியதைப் பாதிவழியில் மறிப்பது.

செலவு கட்டாது என்கிறீர்கள். இந்த ஒரு வாதத்துக்கு மட்டும் பொறுமையாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் சிறு குத்தகைக்காரருக்கு அது உண்மையான கஷ்டம். ஒற்றைக் கயிற்றுக்கான கருவிகளை உடனே வாங்க முடியாதென்றால் ஒற்றைக் கயிற்றை விட்டுவிடுங்கள். முன்னே சொன்ன, திரும்பி ஆளிடமே வரும் கயிற்று முறைக்கு வாருங்கள். அதற்குத் தரமான பாலியெஸ்டர் ஏறுகயிறு, முறையான இடுப்புப் பட்டை, பூட்டுள்ள கொக்கி வளையம் (காரபைனர்) இரண்டு, குறுங்கயிறு ஒன்று போதும். முடிச்சுக்குக் காசில்லை. ஆஸ்திரியாவின் ஹைன்ஸ் புரோஹாஸ்கா 1981இல் எழுதியதும், 1994இல் ஜேசன் பிளேக் அமெரிக்க மரவேலையாளர்களிடம் பரப்பியதுமான முடிச்சு, ஏறுகயிற்றின் முனையாலேயே போடக்கூடியது. கையால் மெல்ல அழுத்தினால் இறங்கும், விட்டால் நிற்கும். வேகமாக இறங்கினால் அதுவும் வெந்துபோகும், ஆகவே நிதானமாக இறங்கப் பழக்க வேண்டும். கவட்டையில் கயிறு தேயாமல் ஒரு உறை போட வேண்டும். இத்தனையும் சேர்ந்த செலவை மரத்துக்குச் சொல்லும் விலையில் சேர்த்துக் கேளுங்கள். பங்களாக்காரர் மறுத்தால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். செயின் சா வாங்கும்போது இந்தத் தயக்கம் உங்களுக்கு வரவில்லை.

மின்கம்பி பற்றி நான் நீட்டிச் சொல்லத் தேவையிருக்கக் கூடாது. 1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் இது. நனைந்த கயிறும் பச்சைக் கிளையும் மின்சாரம் கடத்தும். லைனை நிறுத்தி, நிறுத்தியதை உறுதி செய்யாமல் அந்தக் கிளைக்கு எந்த ஆளையும் எந்தக் கயிற்றிலும் அனுப்பாதீர்கள்.

கீழே நிற்கும் இரண்டாம் ஆளை வீண் கூலி என்றீர்கள். மேலே ஒருவர் மயங்கி இடுப்புப் பட்டையில் அசைவில்லாமல் தொங்கினால், இரத்தம் கால்களில் தேங்கத் தொடங்கும். நிமிடக் கணக்கில் இறக்கியாக வேண்டும். தீயணைப்பு வண்டி வரும்வரை காத்திருக்க முடியாது. ஒற்றைக் கயிற்று முறைக்கு இருக்கும் பெரிய நன்மையே இங்கேதான் இருக்கிறது, அதையும் நீங்கள் வீணாக்குகிறீர்கள்: அடிமரத்தில் வெறும் முடிச்சாகக் கட்டாமல் ஒரு இறக்கும் கருவி வழியாகக் கட்டினால், கீழே நிற்பவர் தரையிலிருந்தே ஆளை இறக்கிவிடலாம். அதற்குக் கயிறு நீளம் வேண்டும். பதினைந்து மீட்டர் உயரத்துக்கு, ஏறிப் போக பதினைந்து, ஆளிடமிருந்து தரை வரை பதினைந்து, இறக்கிவிட இன்னும் பதினைந்து. நாற்பத்தைந்து மீட்டரும் முடிச்சுக்குக் கொஞ்சமும். இறக்கும்போது வழியில் எந்தக் கொம்பில் மாட்டுவார் என்று முதலிலேயே பார்த்து வைத்திருக்க வேண்டும். வேலை தொடங்கும் முன் மணல் மூட்டையைத் தொங்கவிட்டு ஒருமுறை இறக்கிப் பார்க்க வேண்டும். இதைத் தெரிந்த ஒருவரைக் கயிற்றடியில் நிறுத்துங்கள். அவரைக் கிளை இழுக்கவும் டீ வாங்கி வரவும் அனுப்பாதீர்கள்.